நாவலப்பிட்டியில் இறங்காத பயணி: கண்டிச் சீமையின் சுற்றுலாவும் விடுபட்ட வரலாறும்

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் புகையிரதம் நாவலப்பிட்டியில் சற்று நேரம் தரித்துப் புறப்படும். கதவோரத்தில் இடம் பிடித்திருக்கும் வெளிநாட்டுப் பயணிகள் மேடையில் வடையும் கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பவும் ஏறிவிடுவார்கள். அவர்களுடைய பயணத் திட்டத்தில் கண்டிக்கு அடுத்த ஊர் நுவரெலியா, அதற்கு அடுத்தது எல்ல. இடையில் வருவதெல்லாம் யன்னல் காட்சி. நம்மவர்களும் அப்படித்தான் பயணம் போகிறோம். பாடசாலைச் சுற்றுலா என்றால் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, சிகிரியா, பொலநறுவை, அனுராதபுரம். தோட்டத்துச் சனங்கள் வான் பிடித்துப் போனால் அதே பட்டியலோடு கதிர்காமமும் மாத்தளை அம்மனும் சேரும். சிகிரியாவின் காசியப்பனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிந்த நாவலப்பிட்டிப் பிள்ளைக்குத் தன் ஊருக்குப் புகையிரதம் எந்த ஆண்டு வந்தது என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் அதிகம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொவிட், பொருளாதார வீழ்ச்சி என்று அடிமேல் அடி விழுந்த பிறகு, 2024இல் அந்தத் தொகை மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களில் பெருந்தொகையினர் ஏதோ ஒரு நாளில் கண்டியைத் தொட்டுப் போகிறார்கள். பழைய நகரங்களையும் பண்பாட்டுச் சின்னங்களையும் காண வருகிறோம் என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். அவர்களுக்குக் காட்டப்படுவது எந்த வரலாறு, அதைத் தேர்ந்தது யார், அதில் யார் விடுபட்டார்கள் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. கண்டிப் பகுதியின் சுற்றுலாப் பாதை நன்றாகவே அமைக்கப்பட்ட பாதை. ஆனால் அது 1815ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்திய காலத்திலும் பல இனத்துக் கைகள் சேர்ந்து செய்த வேலையை ஓர் இனத்தின் கதையாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டு குறைகளையும் தீர்க்கப் புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை. இருப்பதைக் காட்டினாலே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

முக்கோணமும் ஒரு திகதியும்

இன்றைய பாதை தானாக உருவானதல்ல. 1980இல் மத்திய கலாசார நிதியம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. யுனெஸ்கோவின் துணையோடு கலாசார முக்கோணத் திட்டம் தொடங்கியது. அனுராதபுரம், பொலநறுவை, கண்டி ஆகிய மூன்றும் முக்கோணத்தின் முனைகள். உள்ளே சிகிரியாவும் தம்புள்ளையும். தொல்லியலாளர் ரோலண்ட் சில்வா முன்னின்று நடத்திய இந்த வேலையில் ஜேதவனம், அபயகிரி, ஆளாகன பிரிவேனா போன்ற பெரும் வளாகங்கள் காட்டிலிருந்து மீட்கப்பட்டன. 1982இல் அனுராதபுரம், பொலநறுவை, சிகிரியா மூன்றும், 1988இல் கண்டியும், 1991இல் தம்புள்ளையும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஒரு சிறிய நாட்டுக்கு இது சாதாரணச் சாதனை அல்ல. ஜேதவனத் தூபியின் அடியில் நின்று அந்தச் செங்கற் குவியலை அண்ணாந்து பார்த்த எவருக்கும் அந்தத் தலைமுறைத் தொல்லியலாளர்கள்மீது நன்றி வராமல் போகாது.

ஆனால் அகழ்வுக்காக வரைந்த முக்கோணம் சுற்றுலாத் தொழிலுக்கு ஆயத்த வரைபடமாகிவிட்டது. ஹோட்டல்கள் ஹபரணையிலும் தம்புள்ளையிலும் கண்டியிலும் எழுந்தன. வழிகாட்டிகளின் பயிற்சி, நுழைவுச்சீட்டு, வாகனப் பாதை, பாடநூல் எல்லாம் அதே கோட்டில் ஓடின. கோட்டுக்கு வெளியே இருந்த ஊர்கள் வழியில் தேநீர் குடிக்கும் இடங்களாயின.

இதற்கும் அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், புராதன நினைவுச்சின்னம் எது என்பதற்கு ஓர் எல்லைத் திகதி வைத்தது: 1815 மார்ச் 2. கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்து இராச்சியத்தைக் கையளித்த நாள். அதற்குப் பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கச் சட்டத்தில் வழி உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அப்படிச் சில பாதுகாக்கப்பட்டும் இருக்கின்றன. ஆயினும் தானாகவே மதிப்புப் பெறுவது ஒன்று, யாராவது கேட்டுப் பெறவேண்டியது வேறொன்று. தோட்டங்களுக்கு வந்த மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அந்தத் திகதிக்குப் பின்னால் நிகழ்ந்தது. கோப்பித் தோட்டம், புகையிரதப் பாதை, தேயிலை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களம் எதுவும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இல்லை.

கோட்டுக்கு முன்னால் இருப்பதையாவது முழுதாகச் சொல்கிறோமா?

பொலநறுவைக்குப் போகும் பயணிக்குக் கல்விகாரையும் பராக்கிரமபாகுவின் மாளிகையும் காட்டப்படும். இரண்டாம் சிவதேவாலயம் என்று இலக்கமிட்ட சிறிய கற்கோயிலும் காட்டப்படும். அது வானவன்மாதேவி ஈசுவரம் என்ற சோழர் கோயில், பதினோராம் நூற்றாண்டில் இந்நகர் சோழரின் தலைநகராக இருந்தபோது எழுந்தது என்பது எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? அங்கிருந்து நடக்கும் தூரத்தில், அட்டதாகேயின் அருகே, வேளைக்காரப் படையினர் புனித தந்தத்தின் ஆலயத்தைக் காப்பதாக உறுதியெடுத்துத் தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு நிற்கிறது. தமிழில் எழுதிய படை, பௌத்த ஆலயம், காவல் உறுதி. இலங்கையின் இனக்கதையை இன்று நாம் பேசும் விதத்தில் இந்தக் கல்லுக்கு இடமே இல்லை. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளை முதலில் அதன்முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்கிறேன்.

கண்டி நகருக்கே வருவோம். நரேந்திரசிங்கன் 1739இல் வாரிசின்றி இறந்தபின் அவனுடைய மதுரை நாயக்க மனைவியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினான். அதிலிருந்து கடைசி வரை நான்கு மன்னர்களும் நாயக்க வழியினர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், சீயத்திலிருந்து உபாலி தேரர் வரவழைக்கப்பட்டு அறுந்துபோயிருந்த உபசம்பதை என்ற பிக்குகளின் உயர் துறவு மரபு மீண்டும் தொடங்கியது. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த எசல பெரஹராவில் தந்ததாதுப் பேழை முன்வரிசைக்கு வந்ததும் அவன் காலத்தில்தான். இன்று உலகமே வந்து பார்க்கும் பெரஹராவின் உருவம் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தத்தைப் பேணிய அரசனின் ஏற்பாடு. தலதா மாளிகையின் முகத்தில் நிற்கும் பத்திரிப்புவ என்ற எண்கோண மண்டபமும் நகர் நடுவேயுள்ள வாவியும் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வேலைகள். மாளிகையிலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் குமாருப்பே வீதியில்தான் நாயக்க உறவினர்கள் குடியிருந்தார்கள். ஆங்கிலேயர் அதற்கு மலபார் வீதி என்று பேர் வைத்தார்கள்.

வழிகாட்டிகள் இந்த மன்னனைப் பற்றிச் சொல்லும் ஒரே கதை, பிரதானி எகலப்பொலையின் குடும்பம் கொல்லப்பட்டது. அது நடந்த கொடுமை, மறைக்கக் கூடாது. ஆனால் அத்தோடு கதையை நிறுத்திவிட்டால், 1815 பெப்ரவரியில் மெதமகாநுவரைப் பக்கம் பிடிபட்டு, 1816இல் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்த மனிதன் மறைந்துவிடுகிறான். வேலூரில் பாலாற்றங்கரையில் அவனுக்குத் தமிழ்நாட்டு அரசு கட்டிய முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போகும் நம்மவர்கள் வேலூரில் பொற்கோயிலைப் பார்க்கிறார்கள், மருத்துவமனைக்குப் போகிறார்கள். கண்டியின் கடைசி அரசன் அந்த ஊரில் கிடப்பதை நினைப்பவர்கள் அவர்களில் குறைவு.

கம்பளைக் காலத்து மூன்று கோயில்கள்

நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் கம்பளை. பதினான்காம் நூற்றாண்டில் அது தலைநகர். நகரின் மிச்சம் இன்று அதிகமில்லை. ஆனால் அந்த அரசு கட்டுவித்தவை கண்டிக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட உடுநுவரை, பிலிமத்தலாவைப் பகுதிகளில் நிற்கின்றன: கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க. கண்டி இராச்சியத்துக்கு முந்திய மலைநாட்டைக் காண இவற்றைவிடச் சிறந்த இடமில்லை. தலதா மாளிகையின் நெரிசலோடு ஒப்பிட்டால் இங்கே வருபவர் மிகக் குறைவு.

கடலாதெனிய விகாரை 1344இல் தர்மகீர்த்தி தேரரின் முயற்சியில் எழுந்தது. கட்டியவன் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி என்று அங்குள்ள பாறைச் சாசனமே பேர் சொல்கிறது. மலைநாட்டில் மரமும் செங்கல்லும் வழக்கமாக இருந்த காலத்தில் அவன் கருங்கல்லை எடுத்தான். படிக்கட்டின் யானைத் துதிக்கைக் கைப்பிடியிலும் தூண்களின் சிற்பப் பட்டைகளிலும் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்தைக் கண்டு பழகிய கண்ணுக்கு அந்நியம் எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவர் புத்தர். வேலை செய்த கை தெற்கிலிருந்து வந்தது. பணமும் பக்தியும் இந்த மண்ணினுடையவை. கோயிலை விட்டு வெளியே வந்தபின் இவற்றை யார் யாருடையவை என்று பிரித்துக் கேட்கும் ஆசையே குறைந்துவிடும்.

அதே 1344இல் சேனாலங்காதிகாரன் என்ற அமைச்சன் கட்டுவித்த லங்காதிலக ஒரு பாறைமேல் ஏறி நிற்கிறது. ஒரு பக்கம் புத்தரின் சன்னிதி. அதே கட்டடத்தின் சுவரோடு ஒட்டி உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகியோரின் தேவாலயங்கள் சுற்றிவருகின்றன. கீழே பாறையில் சிங்களச் சாசனமும் தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கின்றன. நிலக்கொடையைப் படிக்கவேண்டியவர்களில் தமிழ் படிப்பவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இன்றைக்கு இந்த நாட்டின் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழையோடு வருவதைப் பார்த்துப் பழகிப்போன நமக்கு, அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விகாரையின் பாறையில் அக்கறையோடு தமிழ் வெட்டப்பட்டிருப்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது.

எம்பெக்க தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. மூன்றாம் விக்கிரமபாகு காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மேள மண்டபத்தின் மரத்தூண்கள் கம்பளை அரச மண்டபத்திலிருந்து வந்தவை என்பது வழக்கு. இங்கே அவசரப்படக் கூடாது. தூணின் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சதுரம், சதுரத்துக்குள் ஓர் உருவம்: மல்லர், தாய்ப்பால் கொடுக்கும் பெண், இரட்டைத்தலைப் பறவை, பின்னிய அன்னங்கள், ஆடுபவள், குதிரை வீரன். எண்ணெயும் புகையும் பல தலைமுறைக் கைத்தடவலும் ஏறிக் கறுத்த மரம். அண்ணாந்து பார்த்தால், கூரையின் ஒரு முனையில் இருபத்தாறு கைமரங்கள் விசிறிபோல விரிந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. அவற்றைப் பிடித்திருப்பது ஒற்றை மர ஆணி, சிங்களத்தில் மதொல் குருப்பாவ என்பார்கள். இரும்பு இல்லை. தச்சு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் அந்த மூலையை விட்டு நகரமாட்டார்.

மூன்று கோயிலையும் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம். நெல் வயல்களுக்கு நடுவே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தும் போகலாம்.

பத்து ஆண்டு கடைசி நிலையம்

இனி, 1815 என்ற கோட்டுக்குப் பின்னால். கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் 1820களின் முற்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டதிலிருந்து மலையகத் தமிழரின் வருகை கணக்கிடப்படுகிறது. 2023இல் இருநூறு ஆண்டு நினைவு அனுசரிக்கப்பட்டதும் அந்தக் கணக்கில்தான். கண்டிச் சீமை என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பேர்பெற்ற இந்த மலைகளுக்கு, ஆள்சேர்த்த கங்காணியின் பின்னால் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். நடந்து வந்தவர்கள் மாத்தளையில் கும்பிட்ட அம்மன்தான் இன்று பெருந்தேரில் வலம்வரும் முத்துமாரி. இருநூறாம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தப் பழைய வழியே மக்கள் மறுபடி நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடை, இந்த நாட்டில் ஒரு சுற்றுலாப் பாதை எப்படிப் பிறக்கலாம் என்பதற்கும் நல்ல முன்மாதிரி. ஆனால் நடை முடிந்தபின் அந்தப் பாதையை யாரும் வரைபடத்தில் ஏற்றவில்லை.

நாவலப்பிட்டி இந்தக் கதையில் எங்கே வருகிறது? 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. பேராதனையிலிருந்து பிரிந்த பாதை 1874இல் நாவலப்பிட்டி வந்து நின்றது. அதற்கு மேல் அட்டனுக்குப் போக இன்னும் பத்து ஆண்டு பிடித்தது, 1884 வரை. அந்தப் பத்து ஆண்டும் மேல்நாட்டுப் பாதையின் கடைசி நிலையம் இதுதான். திம்புள்ளையிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில் இங்கே இறங்கின. அரிசியும் தளவாடமும் ஆட்களும் இங்கிருந்து மலையேறினார்கள். கடைத்தெரு, களஞ்சியம், வண்டிப்பேட்டை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று ஊர் விரிந்தது இந்தக் காரணத்தால். 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட கோப்பி இலைத்துரு நோய் இதே ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. கோப்பிக்காகப் போட்ட பாதை மேலே போய்ச் சேர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. அது தேயிலையைத்தான் சுமந்தது.

நாவலப்பிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 அடி. அட்டன் 4,100 அடிக்கு மேல். இந்த ஏற்றத்தை நாற்பத்துநான்கு அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் வண்டி ஏறவேண்டும். நீராவிக் காலத்தில் இங்கே பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் பூட்டுவார்கள். அதற்கென்றே எஞ்சின் கொட்டகையும் அடுப்புக்காரர், பொயின்ற்ஸ்மன், ஓட்டுநர் குடும்பங்களும் இவ்வூரில் இருந்தன. மேல்நாட்டுப் பாதைக்காக 1927இல் கராட் என்ற வகை நீராவி எஞ்சின் முதன்முதலாக தருவிக்கப்பட்டது. பாதையை வெட்டியவர்களிலும் பின்னர் அதைப் பராமரித்த கேங் ஆட்களிலும் தமிழர் பெருந்தொகை. தமிழ்நாட்டின் நீலகிரி மலைப் பாதை 2005இலும் டார்ஜிலிங் பாதை 1999இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டன. நம்முடைய பாதைக்கு அதில் இடமில்லை. 2010இல் நம்முடைய மத்திய மலைநாடு பட்டியலில் சேர்ந்தது, அதன் காடுகளுக்காகவும் உயிரினங்களுக்காகவும். அந்த மலையைத் திருத்திக் குடியேறிய மனிதர்களுக்காக அல்ல.

மூன்று நூதனசாலைகள்

இந்தப் பிந்திய வரலாற்றைக் காட்டும் இடங்கள் அடியோடு இல்லையென்று சொல்ல முடியாது. கடுகண்ணாவையில் 2014இல் தேசியப் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. எஞ்சின்களையும் பழைய சமிக்ஞைக் கருவிகளையும் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் விரும்பும் இடம். கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஆலையொன்று 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. உருட்டும் இயந்திரங்கள், உலர்த்திகள், தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள் என்று மாடிமாடியாக வைத்திருக்கிறார்கள். மேல்மாடியில் கண்டியைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம்.

மூன்றாவது இடம் கம்பளைக்கு அருகே பராதெக்கவில், பழைய பீக்கொக் தோட்டத்தில் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் என்ற அமைப்பு 2007இல் ஒரு லய வரிசையை எடுத்துத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமுமாக ஆக்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் எப்படிப் பிறந்து, சமைத்து, படுத்து, செத்தது என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் காம்பராவுக்குள் நின்றால் உடம்பே உணர்ந்துகொள்ளும். வேலைக் கருவிகள், வீட்டுச் சாமான்கள், கடதாசிகள், படங்கள். பெரிய பஸ்கள் அங்கே வருவதில்லை.

மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். முதலிரண்டிலும் இயந்திரம் நடுவே நிற்கிறது, மனிதர் ஓரத்தில். மூன்றாவதில்தான் மனிதர் நடுவே இருக்கிறார். நல்ல பயணத்துக்கு மூன்றும் வேண்டும். இப்போது மூன்றாவதற்குத்தான் ஆள் போதவில்லை.

ஜேம்ஸ் டெய்லரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லூல்கந்துரவில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக வைத்த ஸ்கொட்லாந்துக்காரர். 1892இல் அங்கேயே இறந்தார். கண்டி மகியாவை மயானத்திலுள்ள அவர் கல்லறையைத் தேடி இன்றும் பயணிகள் வருகிறார்கள். பெரிய உடம்புக்காரர். அவருடைய பெட்டியை லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை, பன்னிரண்டு பேராக இரண்டு அணி பிரிந்து, இருபத்துநான்கு பேர் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து வந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. பின்னால் கங்காணிகளும் தொழிலாளரும், சாமி துரை என்று அவரை அழைத்தவர்கள், நடந்துவந்தார்கள். டெய்லர் கடுமையாக உழைத்தவர், அவருக்குக் கல் வைத்தது நியாயமே. அந்த இருபத்துநான்கு பேரில் ஒருவருடைய பேரும் எங்கேயும் எழுதப்படவில்லை. மகியாவைக்கு ஆட்களை அழைத்துப்போகும் வழிகாட்டி இந்த ஊர்வலத்தையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

மொரிஷியஸில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது பயன்தரும். போர்ட் லூயி துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய அப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைச் சின்னமானது. அரண்மனையோ கோபுரமோ அங்கில்லை. சில கல் அறைகளும், கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிவந்த படிக்கட்டும்தான். அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாட்டை ஆளும் நிலைக்கு வந்தபோது அதைக் காப்பாற்றினார்கள். நமக்கு அந்த வாய்ப்பு வேறு விதமாக அமைந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பத் தீர்மானித்தது. நாளை இங்கே இருப்போமா என்று தெரியாத மக்களிடம் நினைவுச்சின்னம் எழுப்பச் சொல்லிக் கேட்க முடியாது. தலைமன்னார்ப் பாலமும் மாத்தளை வழியும் இன்றுவரை கேட்பாரற்றுக் கிடப்பதற்கு அடிக்காரணம் இதுதான்.

படம் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும்

விடுபட்ட வரலாறு சுற்றுலாவில் சேரவேண்டும் என்று சொல்லும்போது ஓர் அபாயத்தையும் பேசியாகவேண்டும். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் படம் இலங்கைச் சுற்றுலாவின் முகமாகவே ஆகிவிட்டது. விமானநிலையச் சுவரில் அவள், தேயிலைப் பெட்டியில் அவள். நிறை போதாவிட்டால் முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாத நாளில், கூடையைப் பாரமேற்றிக்கொண்டு நிற்பவளிடம் ஐந்து நிமிடம் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போவது சரியல்ல. தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்ட 2021 வரை போராட வேண்டியிருந்தது. அதே மலையில் துரைமாரின் பழைய பங்களாக்கள் இப்போது ஆடம்பர விடுதிகள். ஓர் இரவு வாடகை ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தை எளிதாகத் தாண்டும். லயத்தையும் அப்படிக் காட்சிப் பொருளாக்குவதென்றால் வேண்டவே வேண்டாம். இன்றும் ஆட்கள் குடியிருக்கும் காம்பராவுக்குள் கமராவோடு நுழைவதைச் சுற்றுலா என்று சொல்லக் கூடாது. பராதெக்கவில் இருப்பதுபோல, மக்கள் தாமே தேர்ந்து தாமே சொல்லும் இடமாக இருந்தால்தான் அதற்கு மரியாதை.

கூத்தும் அப்படியே. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவை மலையகத்தின் உயிருள்ள பண்பாட்டுச் செல்வம். ஹோட்டல் மேடையில் இருபது நிமிடத்துக்கு வெட்டிக் காட்டினால் அவை அழிந்துவிடும். தோட்டத்தில், அதன் இரவில், அதன் ஆட்களோடு நடக்கும்போது விருந்தாளியாக வந்து உட்காரும் பயணிக்கு வரவேற்பு உண்டு.

நாவலப்பிட்டி சொல்லவேண்டியது தமிழர் கதையை மட்டுமல்ல. அருகே 1985இல் பயன்பாட்டுக்கு வந்த கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய சிங்களக் கிராமங்களும் விகாரைகளும் மூழ்கின. வறட்சியில் நீர் இறங்கும்போது கடதொர விகாரையின் சிதைவுகள் வெளியே தெரியும். வயலை விட்டுப் போன அந்தக் குடும்பங்களின் கதையும் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் 1874 முதல் 1884 வரையான கதையை மும்மொழியில் சொல்லும் ஒரு பலகை வைக்கலாம். லங்காதிலகவின் தமிழ்ச் சாசனத்துக்கு அருகே அதன் பொருளை இன்றைய தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கலாம். பேராசிரியர் சி. பத்மநாதன் போன்றவர்கள் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்துப் பதிப்பித்திருக்கும்போது படிக்க ஆளில்லை என்று சொல்ல முடியாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைத் தோட்டங்களில் மூன்று மொழியும் பேசும் இளைஞர்களும் யுவதிகளும் இருக்கிறார்கள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் அவர்களில் சிலரையாவது இந்தப் பயிற்சிக்குச் சேர்த்தால், பதினான்காம் நூற்றாண்டின் கல்லையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தண்டவாளத்தையும் ஒரே நாளில் சொல்லத் தெரிந்தவர்கள் உருவாவார்கள்.

பாதையும் தயாராகவே இருக்கிறது. நாவலப்பிட்டியில் காலை வண்டியிலிருந்து இறங்கி நிலையத்தையும் மகாவலிக் கரையையும் பார்த்துவிட்டு, பஸ்ஸில் கம்பளைக்குப் போய்ப் பராதெக்க நூதனசாலைக்கு ஏறலாம். இரவு கம்பளையில் தங்கி, மறுநாள் எம்பெக்க, லங்காதிலக, கடலாதெனிய மூன்றையும் முடித்துக் கடுகண்ணாவை எஞ்சின்களோடு பிற்பகலைக் கழிக்கலாம். மூன்றாம் நாள் கண்டியில் தலதா மாளிகை, நாத தேவாலயம், குமாருப்பே வீதி, ஹந்தானை, மகியாவை. பாடசாலைகள் இதிலிருந்து தொடங்கலாம். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குந்தியிருந்து சிகிரியா ஏறும் அந்த ஆண்டுச் சுற்றுலாவை ஒருமுறை மாற்றி, நாவலப்பிட்டியின் தமிழ், சிங்கள, முஸ்லிம் பள்ளிகள் சேர்ந்து ஒரே வண்டியில் பராதெக்கவுக்கும் லங்காதிலகவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், அடுத்த ஆண்டு நிலையத்தில் அந்தப் பலகையைக் கேட்டு விண்ணப்பம் எழுதுவது அந்தப் பிள்ளைகளாகவே இருக்கும்.